தொப்பூர் ஏற்றமும் தாமதமாக மூடும் வால்வும்

சேலத்திலிருந்து தருமபுரி வரும் கார்கள் தொப்பூர் கணவாயில் ஏறியே ஆக வேண்டும். எந்த இன்ஜினுக்கு எவ்வளவு மூச்சு என்பது அங்கே தெரிந்துவிடும். அந்த மூச்சை அளந்து விடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். இதன்மேல் முட்டை வடிவில் இருக்கும் மேடுகள் வால்வுகளை அமுக்கித் திறக்கின்றன. மேட்டின் உருவத்தை மாற்றினால் வால்வு திறக்கும் நேரமும் அளவும் மாறிவிடும். பந்தயக்காரர்கள் அதில் வேகத்தைத் தேடுவார்கள். மைலேஜ் தேடுபவருக்குக் கணக்கே வேறு.

சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகும் பெட்ரோல் கார், தன் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. அப்போது காற்று நுழையும் வழியிலுள்ள த்ராட்டில் என்ற கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். சளி பிடித்த மூக்கால் மூச்சு இழுப்பதுபோல பிஸ்டன் காற்றை இழுத்தாக வேண்டும். அந்தச் சிரமத்துக்கும் பெட்ரோல்தான் செலவு! இதைக் குறைக்க ஒரு வழி, காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடுவது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருந்தால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். அதனால் த்ராட்டிலை அகலமாகத் திறந்து வைக்கலாம். அமுக்கம் குட்டை, விரிவு நெட்டை என்பதால் எரிந்த வாயுவிலிருந்து கூடுதல் வேலையும் கறக்கலாம். 1882-இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் இதே நோக்கத்துக்குச் சிக்கலான இணைப்புத் தண்டுகளைப் பூட்டினார். 1997-இல் வந்த டொயோட்டா பிரியஸ் வால்வு நேரத்தை வைத்தே அதைச் சாதித்தது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை: இன்ஜினின் பலம் குறையும். 2022-இல் இந்தியாவுக்கு வந்த மாருதி கிராண்ட் விட்டாராவில் இரண்டு 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்கள் உண்டு. சாதாரண இன்ஜின் சுமார் 103 குதிரைத்திறன் தரும். அட்கின்சன் முறையில் ஓடும் ஹைபிரிட் இன்ஜினோ சுமார் 92 மட்டுமே. குறைந்த பலத்தை மின்மோட்டார் ஈடுகட்டுகிறது. அந்த ஹைபிரிட்டுக்குச் சோதனையில் கிடைத்த மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ.; அதில் பேட்டரிக்கும் பங்கு உண்டு.

பழைய காரின் கேம்ஷாஃப்டை மட்டும் கிரைண்டிங் செய்து இந்த லாபத்தைப் பெற முடியுமா? மோட்டார் துணைக்கு இல்லாத அந்தக் கார் தொப்பூர் ஏற்றத்தில் திணறும். அமுக்க விகிதத்தையும் இன்ஜின் கணினியின் பெட்ரோல் கணக்கையும் சேர்த்து மாற்றாவிட்டால் லாபமும் சொற்பம். பல இன்ஜின்களில் டைமிங் தப்பினால் பிஸ்டன் வால்வில் மோதும். அதைச் சரிசெய்யும் செலவில் பல மாதப் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதே கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்களும் உண்டு. அதில் லாபமே இல்லை. இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரிலேயே இறங்கினால், கணினி பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும், வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டுமே மிஞ்சும். அடுத்த முறை தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது கியரை விட்டுவிடாதீர்கள்.