கலப்பையைத் தூக்கும் எண்ணெய்

டிராக்டரின் பின்புறம் மாட்டப்பட்ட கலப்பையை உயர்த்துவது எண்ணெயின் அழுத்தமே. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். அவ்விதியின்படி, பம்பு அனுப்பும் எண்ணெய் உருளையிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது, தூக்குகைகள் மேலெழுகின்றன.

பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே உள்ளன. அப்போது கலப்பை எழவில்லையெனில் உழவர் கலங்குவார். ஆயினும், எளிய காரணங்களையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். காற்று அழுத்தத்தால் சுருங்குமாதலால் கலப்பை துள்ளித் துள்ளி எழும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் அதில் நீரோ காற்றோ கலந்துள்ளது என அறியலாம். வடிகட்டி அடைபட்டால் பம்பு இரையும். வடிகட்டியைத் தூய்மை செய்தல் அல்லது மாற்றுதல் வேண்டும்.

உயர்த்திய கலப்பை எஞ்சினை நிறுத்தியதும் விரைந்து இறங்கினால், பிஸ்டனின் ரப்பர் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கலாம். அவற்றைச் சீர்செய்தல் தேர்ந்த மெக்கானிக்கின் பணியாகும்.

உயர்ந்து நிற்கும் கலப்பையைத் தாங்குவது எண்ணெய் மட்டுமே. ஒரு வளையம் கிழிந்தாலும் அது கீழே விழும். எனவே, கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திய பின்னரே பழுதைத் தேடுதல் வேண்டும். இறக்க இயலாவிடில், உறுதியான மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்தல் வேண்டும். வேலை ஒரு நாள் தாமதிக்கலாம். இழந்த கை மீண்டும் வாராது.