283 கி.மீ. வேகம், நிதானமான லாபம்

தடை செய்யச் சொன்ன லோட்டஸ் கார்ல்டனை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். முதலீடாக அது தேறுமா?

1993 நவம்பரில் இங்கிலாந்தின் வொர்ஸ்டர்ஷயரில் கரும்பச்சை நிற சலூன் கார் ஒன்று திருடு போனது. அதன் பிறகு மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதிக் கடைக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. நள்ளிரவில் கடையை உடைப்பதும், சிகரெட்டையும் மதுவையும் அள்ளிக்கொண்டு அந்தக் காரில் பறப்பதும் கொள்ளையர்களின் வாடிக்கையானது. போலீஸ் வண்டிகளால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. கொள்ளையர்கள் கடைசிவரை சிக்கவும் இல்லை.

அந்தக் கார்தான் லோட்டஸ் கார்ல்டன். நான்கு கதவுகளும் பெரிய டிக்கியும் கொண்ட குடும்ப வண்டி. தோற்றத்தில் மட்டும்தான் குடும்ப வண்டி.

ஜெனரல் மோட்டார்ஸ் 1986-ல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியதில் இதன் கதை தொடங்குகிறது. ஜெர்மனியில் ஓபல் ஒமேகா என்றும் பிரிட்டனில் வாக்ஸால் கார்ல்டன் என்றும் விற்ற சாதாரண கார், நார்ஃபோக்கில் உள்ள லோட்டஸின் ஹெதல் ஆலைக்குப் போய் உருமாறி வந்தது. 3 லிட்டர் எஞ்சின் 3.6 லிட்டராகப் பெருத்தது. இரண்டு டர்போக்கள் சேர்ந்தன. விளைவு, 377 குதிரைசக்தி. கார்வெட் இசட்ஆர்-1 ஸ்போர்ட்ஸ் காரின் ஆறு கியர் பெட்டி பொருத்தப்பட்டது. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 283 கி.மீ. ஜெர்மனியின் பெரிய கம்பெனிகள் தங்கள் கார்களை 250 கி.மீ.யில் கட்டிப்போட்டிருந்த காலம் அது. இந்தக் காருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. குடும்பக் காருக்கு இத்தனை வேகம் எதற்கு என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. தடை செய்ய வேண்டும் என்ற குரலும் எழுந்தது.

வேகத்துக்குத் தடை வரவில்லை, விற்பனைக்குத்தான் வந்தது. விலை 48,000 பவுண்ட். பிரிட்டன் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. 1,100 கார்கள் தயாரிக்கத் திட்டமிட்டு, 1992-ல் 950-உடன் நிறுத்திக்கொண்டார்கள். அன்று தோல்வியாகத் தெரிந்த இந்த எண்ணிக்கைதான் இன்று அதன் மூலதனம்.

பழைய கார் ஒன்றின் விலை ஏறப் பொதுவாக மூன்று காரணங்கள் வேண்டும்: எண்ணிக்கை குறைவு, சொல்ல ஒரு கதை, சிறு வயதில் அதன் படத்தைச் சுவரில் ஒட்டிய தலைமுறையின் கையில் பணம். லோட்டஸ் கார்ல்டனுக்கு மூன்றும் வாய்த்தன. 1990-ல் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தவர் இன்று ஐம்பதை நெருங்குகிறார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 20,000 பவுண்டுக்கும் கீழே கிடைத்த கார், பின்னர் பல மடங்கு உயர்ந்தது. குறைவாக ஓடிய, ஆவணங்கள் கச்சிதமாக உள்ள கார்கள் புதிதாக விற்ற விலையைத் தாண்டிவிட்டன. 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் கார்களுக்கு அமெரிக்கா விதிகளைத் தளர்த்துகிறது. அதனால் 2015 முதல் அந்தச் சந்தையும் திறந்தது.

ஆனால், ஏல விலை வேறு, லாபம் வேறு. 1990-ன் 48,000 பவுண்ட், பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்று 1,10,000 பவுண்டுக்கும் அதிகம். புதிதாக வாங்கிப் பூட்டி வைத்தவர் இன்று 80,000-க்கு விற்றாலும் அவருக்கு நஷ்டம்தான். விலை அடிமட்டத்தில் இருந்தபோது வாங்கியவரே கெட்டிக்காரர். அவருடைய கணக்கையும் பார்க்கலாம். 15,000-க்கு வாங்கி இருபது ஆண்டு கழித்து 75,000-க்கு விற்றால் ஐந்து மடங்கு. பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் கூட்டு வட்டிக் கணக்கில் அது ஆண்டுக்குச் சுமார் 8 சதவீதமே. இன்சூரன்ஸ், கொட்டகை வாடகை, பராமரிப்பு எல்லாம் அதிலிருந்து கழிய வேண்டும்.

பராமரிப்பு லேசான விஷயமல்ல. மட்கார்டுகளிலும் சக்கர வளைவுகளிலும் துரு அரிக்கும். இந்த மாடலுக்கென்றே செய்த பாகங்கள் கிடைப்பது அரிது. தாய்க் கம்பெனிகளும் கை மாறிவிட்டன. ஓபலும் வாக்ஸாலும் 2017-ல் பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போய், இப்போது ஸ்டெல்லான்டிஸ் குழுமத்தில் இருக்கின்றன. லோட்டஸ் அதே ஆண்டில் சீனாவின் கீலி வசம் போயிற்று. ஓட்டினால் கிலோமீட்டர் கூடி மதிப்பு குறையும். ஓட்டாமல் வைத்தால் ரப்பரும் சீல்களும் கெடும். சேகரிப்பாளரின் நிரந்தரத் தலைவலி இது.

வரும் ஆண்டுகள் எப்படி? சாதகங்கள் உண்டு. பிரிட்டனில் சொந்தக் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி விலக்கும் உண்டு. லண்டனில் புகைக் கட்டணமாக நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் கட்ட வேண்டிய இந்த கார், அந்த வயதை எட்டினால் அதிலிருந்தும் தப்பும். முதல் கார்கள் 2030 வாக்கில் அந்த வரம்பைத் தொடும். பாதகம், வாங்குபவர்களின் வயது. இன்றைய இருபது வயது இளைஞருக்கு இந்தப் பெயரே தெரியாது. கொரோனா காலத்தில் கொதித்த பழைய கார் சந்தை, வட்டி விகிதம் ஏறியதும் சூடு தணிந்ததையும் மறக்கக் கூடாது. நல்ல கார்கள் விலையைத் தக்கவைக்கலாம். சுமாரானவை முதலில் சரியும். வாங்குகிறவர் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், சேஸிஸ் எண்ணையும் சர்வீஸ் ரசீதுகளையும் பார்ப்பது உத்தமம்.

இந்தியர்கள் ஆசைப்பட்டால்? பழைய கார் இறக்குமதி விதிகள் கறாரானவை. 2021-ல் வந்த விதிப்படி ‘விண்டேஜ்’ தகுதிக்கு 50 வயது ஆக வேண்டும். லோட்டஸ் கார்ல்டன் 2040 வரை காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை ஆறுதல் தேடுபவர்களுக்கு உள்ளூரிலேயே ஒரு தூரத்து உறவு இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2002 வரை தயாரித்த கான்டெஸா, வாக்ஸாலின் விக்டர் காரிலிருந்து பிறந்ததுதான். 283 கி.மீ. வேகத்தை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.