ஒரு கிராம் போடும் ஆட்டம்... தெரியுமா?

தலைக்கு மேலே ஃபேன் 'டக்... டக்...' என்று தலையாட்டுகிறது. தோட்டத்து மோட்டார் உறுமுகிறது. வாஷிங் மெஷின் துணி பிழியும்போது இருந்த இடத்தை விட்டு நகர்ந்தே வந்துவிடுகிறது. மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே நோய்தான். சுழலும் பாகத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் கனத்துவிட்டது. பட்டறையில் கேட்டால், "பேலன்ஸ் அவுட் சார்" என்பார்கள். அந்த 'கொஞ்சம்' எவ்வளவு, அது என்னென்ன கூத்தெல்லாம் பண்ணும் தெரியுமா?

1. ஒரு கிராம், ஐந்து கிலோ ஆகும்!

ஒரு கிராம் தங்கத்தைக் கையில் வைத்தால் கனமே தெரியாது. அதே ஒரு கிராம், நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் சக்கரத்தில், மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால்? சுமார் ஐந்து கிலோ எடை தொங்குவதற்குச் சமமாக ஷாஃப்டை வெளியே இழுக்கும்! அதுவும் ஒரே திசையில் இழுத்தாலாவது பரவாயில்லை. வினாடிக்கு 50 முறை எல்லாத் திசையிலும் சுழற்றிச் சுழற்றி இழுக்கும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழுப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். 6000 சுற்றில் அந்த ஒரு கிராம், இருபது கிலோ!

2. உங்கள் ஃபேன் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடுகிறது!

வீட்டில் இருக்கும் 48 அங்குல சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், அதன் றெக்கை நுனி மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதனால்தான் மூன்று றெக்கைகளையும் எடை பார்த்து, ஒரே செட்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஒன்று வளைந்துவிட்டது என்று பழைய ஃபேனிலிருந்து ஒரு றெக்கையைக் கழற்றி மாட்டினால் ஆட்டம் ஆரம்பம்! ஆனால் ஆடும் ஃபேனுக்கெல்லாம் எடைதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். ஸ்விட்சை அணைத்துவிட்டு, கூரையிலிருந்து ஒவ்வொரு றெக்கை நுனிக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு குச்சியால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், குற்றவாளி அந்த வளைவுதான்.

3. சும்மா இருக்கும்போது சாது, சுற்றும்போது சண்டியர்!

சுழலும் பாகத்தை ரோட்டர் என்பார்கள். ஒரு ரோட்டரை இரண்டு கத்தி முனைத் தண்டவாளங்களின்மேல் உருட்டி விட்டால், கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். நூறாண்டு தாண்டிய பழைய சோதனை இது. ஆனால் இதை ஏமாற்றும் ரோட்டர்களும் உண்டு! இடது முனையில் மேல்பக்கம் பத்து கிராம், வலது முனையில் கீழ்ப்பக்கம் பத்து கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் எந்தப் பக்கமும் உருளாமல் அமைதியாக நிற்கும். சுற்ற விட்டாலோ, பல்லக்கு தூக்கும் இருவரில் முன்னவர் இடப்பக்கமும் பின்னவர் வலப்பக்கமும் இழுத்தால் எப்படியோ அப்படித் தத்தளிக்கும். ஆகவே நீளமான ரோட்டர்களைச் சுற்ற வைத்து, இரண்டு முனையிலும் தனித்தனியாகச் சரிசெய்கிறார்கள். இதற்குப் பெயர்தான் டைனமிக் பேலன்சிங்.

4. முடியில் ஒன்பதில் ஒரு பங்கு!

உலகத்தில் நூறு சதவீதம் பேலன்ஸ் ஆன ரோட்டர் ஒன்றுகூடக் கிடையாது. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் சர்வதேசத் தரம் இருக்கிறது. கார் சக்கரத்துக்கு ஜி 40, ஃபேனுக்கும் பம்ப்புக்கும் ஜி 6.3, நீராவி டர்பைனுக்கு ஜி 2.5, நுணுக்கமான கிரைண்டிங் மெஷின் சுழல்தண்டுக்கு ஜி 0.4. எண் குறையக் குறையக் கண்டிப்பு கூடும். 3000 சுற்று ஓடும் டர்பைன் ரோட்டர் பல டன் எடை இருக்கும். அதன் எடை மையம், சுழலும் மையத்திலிருந்து விலக அனுமதி வெறும் 8 மைக்ரான்தான். தலைமுடி சுமார் 70 மைக்ரான் பருமன் என்றால், அதில் ஒன்பதில் ஒரு பங்கு!

5. சேர்ப்பதா, எடுப்பதா?

பம்ப்புகளுக்குப் பேர்போன கோயம்புத்தூரில், பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரின் கனமான பக்கத்தைக் கொஞ்சம் அரைத்து எடுப்பார்கள். பெரிய ஃபேன்களிலோ, லேசான பக்கத்தில் இரும்புத் துண்டை வைத்து வெல்டிங் அடிப்பார்கள். விமான எஞ்சினில் வேறு கதை. முன்னால் தெரியும் ஃபேன் றெக்கைகளை எடை போட்டு, எதிரெதிரே ஒத்த கனம் வரும்படி வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு றெக்கை பழுதானால், எதிரே இருக்கும் நல்ல றெக்கையும் சேர்ந்தே மாறுவது உண்டு. மிச்சமிருக்கும் நூலிழைப் பிழைக்கு? மூக்குக் கூம்பில் வெவ்வேறு எடையுள்ள திருகுகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சரிசெய்கிறார்கள்!

6. 'முடியாது' என்றார் மேதை, 30,000 சுற்று சுற்றிக் காட்டினார் இன்னொருவர்!

ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒரு கண்டம் உண்டு. அந்த வேகத்தை நெருங்கினால் தாறுமாறாக அதிரும். 1869இல் ஸ்காட்லாந்து அறிஞர் ராங்கின், அந்த வேகத்தைத் தாண்டி எந்த ஷாஃப்டும் ஓடாது என்று கணக்குப் போட்டு எழுதினார். அடுத்த இருபதே ஆண்டுகளில் ஸ்வீடன் நாட்டு கஸ்டாஃப் டி லாவல் அதைப் பொய்யாக்கினார். நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும் நீராவி டர்பைனுக்கு, எல்லோரும் நினைப்பதுபோல் பருத்த ஷாஃப்டைப் போடாமல் மெலிந்து வளையும் ஷாஃப்டைப் போட்டார். கண்டத்தைத் தாண்டியதும் ஆட்டம் அடங்கிவிட்டது! அந்த வேகத்துக்கு மேலே, வெளியே தள்ளிக்கொண்டிருந்த கனமான பக்கம் உள்ளே திரும்பிக்கொள்கிறது. ரோட்டர் தன் எடை மையத்தைத் தானே தேடிப் பிடித்துச் சுற்றுகிறது. இது ஏன் என்று 1919இல் ஜெஃப்காட் என்ற பொறியாளர் தெளிவாக விளக்கிவிட்டார். இன்றைய பெரிய டர்பைன்களும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இந்தக் கண்டங்களை வேகமாகத் தாண்டித்தான் போகின்றன.

7. வாஷிங் மெஷினுக்குள் உப்புத் தண்ணீர்!

பல டாப் லோட் மெஷின்களின் டிரம் விளிம்பில் பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும். ரிப்பேர் என்று பதற வேண்டாம், அது உப்புக் கரைசல்! ஈரத்துணி ஒரு பக்கம் மூட்டையாகச் சேர்ந்துகொண்டால், வேகமாகச் சுற்றும்போது கரைசல் தானாக எதிர்ப்பக்கம் ஓடிப்போய் ஈடுகட்டும். டி லாவல் கண்ட அதே அதிசயம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் கண்டத்துக்குக் கீழே, மெதுவாகச் சுற்றும்போது, இதே கரைசல் கனமான பக்கத்தோடு சேர்ந்துகொண்டு ஆட்டத்தைக் கூட்டும்! பிழியத் தொடங்கும்போது மெஷின் குதித்துவிட்டு அப்புறம் அடங்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

8. பள்ளிக்கூட காம்பஸ் போதும்!

ராட்சத ஃபேனில் எங்கே கனம் என்று கண்ணுக்குத் தெரியாதே, எப்படிப் பிடிப்பது? அதிர்வை அளக்கும் சின்னக் கருவி ஒன்றும் காம்பஸ், அளவுகோலும் இருந்தால் நான்கே ஓட்டத்தில் பிடிக்கலாம். முதலில் அப்படியே ஓடவிட்டு அதிர்வைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்து, எடை தெரிந்த ஒரு துண்டை மூன்று இடங்களில் ஒவ்வொன்றாக மாட்டி, மூன்று முறை ஓட்டிக் குறிப்பார்கள். முதல் அளவை ஆரமாக வைத்து ஒரு வட்டம். அதன்மேல் அந்த மூன்று இடங்களையும் மையமாக வைத்து, மற்ற மூன்று அளவுகளில் மூன்று வட்டங்கள். மூன்றும் வெட்டிக்கொள்ளும் புள்ளி, எங்கே எவ்வளவு எடை மாட்ட வேண்டும் என்று சொல்லிவிடும்!

9. காற்றே இல்லாத சுரங்கத்தில் ஒத்திகை!

அனல்மின் நிலையத்து டர்பைன் ரோட்டரைத் திறந்தவெளியில் 3000 சுற்று சுற்றிப் பார்க்க முடியாது. கடைசி வரிசை நீளப் பிளேடுகளின் நுனி, ஒலியைவிட வேகமாகப் போகும். காற்றை அரைத்து அரைத்தே எல்லாம் சூடேறிவிடும். ஆகவே தடித்த கான்கிரீட் சுரங்கத்துக்குள் ரோட்டரை வைத்துப் பூட்டி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சுற்றுகிறார்கள். பெல் நிறுவனத்துக்கு ஹரித்வாரிலும் ஹைதராபாத்திலும் இப்படிச் சுரங்கங்கள் உண்டு. வழக்கமான வேகத்தைவிட 20 சதவீதம் கூட்டியும் சோதிப்பார்கள். நம்ம ராணிப்பேட்டை பெல் ஆலை செய்வதோ, அனல்மின் நிலையக் கொதிகலன்களுக்கான ராட்சத ஃபேன்கள். புகையை இழுக்கும் ஃபேன் றெக்கையில் சாம்பல் அப்பினாலும் பேலன்ஸ் போச்சு, சாம்பல் உரசித் தேய்த்தாலும் பேலன்ஸ் போச்சு!

10. கரண்ட் உற்பத்தி நின்றாலும் டர்பைன் நிற்காது!

டர்பைனை அணைத்ததும் ரோட்டரை அப்படியே நிற்கவிட்டால் என்ன ஆகும்? உள்ளே மேல்பகுதி சூடாகவும் கீழ்ப்பகுதி குளிர்ந்தும் இருக்கும். பல டன் இரும்பு வில் மாதிரி வளைந்துவிடும்! வளைந்த ரோட்டரை மறுபடி ஓட்டினால் அதோகதிதான். அதனால் ஆறும்வரை, மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில்கூட, தனி மோட்டார் ஒன்று அதை மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருக்கும். தோசைக்கல் இல்லை, ஆனாலும் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

11. இரண்டு பிளேடு முறிந்தது, அணுமின் நிலையமே இருண்டது!

1993 மார்ச் 31, அதிகாலை. உத்தரப்பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைனின் கடைசி வரிசைப் பிளேடு இரண்டு, உலோகம் களைத்துப்போய் முறிந்தன. ஒரு நொடியில் பேலன்ஸ் போனது. அந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. கேபிள்கள் எரிந்து, நிலையம் சுமார் 17 மணி நேரம் மின்சாரமில்லாமல் கிடந்தது. ஊழியர்கள் உயிரைப் பணயம் வைத்து உலையைக் காத்தார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை.

2009 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யாவின் சயானோ ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் முடிவு அவ்வளவு நல்லதாக இல்லை. இரண்டாம் எண் டர்பைன் அதிர்ந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் களைத்து அறுந்தன. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள எந்திரம் மேலே தூக்கியடிக்கப்பட்டு வெள்ளம் புகுந்தது. 75 பேர் இறந்தார்கள். அதிர்வு முன்கூட்டியே சொல்லிப் பார்த்தது. கேட்கத்தான் ஆளில்லை.

12. வேண்டுமென்றே கெடுத்த பேலன்ஸ் உங்கள் பையில்!

இத்தனை பேர் இத்தனை பாடுபட்டு ஒழிக்கும் இந்த நோயை, காசு கொடுத்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்! செல்போன் 'விர்ர்' என்று அதிர்வது பல போன்களில் இப்படித்தான்: பட்டாணியளவு மோட்டார், அதன் ஷாஃப்டில் ஒரு பக்கமாக மாட்டிய எடை. கான்கிரீட் போடும்போது கொத்தனார் உள்ளே விடும் வைப்ரேட்டரும், கல் குவாரியில் ஜல்லி சலிக்கும் சல்லடையும் அதே ஜாதிதான்.

13. கடைசியாக ஒரு கணக்கு!

பால் பேரிங்கின்மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால், அதன் ஆயுள் பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகும்! நிற்காமல் ஓடும் மோட்டாரில் எட்டு வருடம் தாக்குப்பிடிக்க வேண்டிய பேரிங், ஒரே வருடத்தில் கரகரக்கும். அடிக்கடி பேரிங் மாற்றுகிறவர்கள் பேரிங்கைத் திட்டுவதை விட்டுவிட்டு, இம்பெல்லரைக் கழற்றி பேலன்ஸ் பார்க்கச் சொல்லலாம்.

உங்கள் வீட்டு ஃபேன் இன்று ஆடினால் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். ஸ்விட்சை அணைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, றெக்கையின் மேல்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். திருகுகளை இறுக்குங்கள், நுனி அளவைப் பாருங்கள். அப்புறமும் ஆடினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 'அது அப்படித்தான் ஆடும்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்!