வல்லாரைப் பொடியும் மறதி நோயும்

நமது டெல்டா மாவட்டங்களில் வாய்க்கால் கரையில் வல்லாரையும், வரப்பு ஈரத்தில் நீர்பிரமியும் தாமாகவே வளர்கின்றன. இவற்றின் பொடியை நம்மில் பலர் கடையில் வைத்து விற்கிறோம். "அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது, இதைக் கொடுத்தால் சரியாகிவிடுமா அண்ணே?" என்று வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது?

சாவியை வைத்த இடம் மறப்பது வயதானால் வரும் மறதி. பெற்ற மகனையே யாரென்று கேட்பதும், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பதும் நோய். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள்.

மூலிகை இந்நோய்க்குக் கேட்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? குத்தூசியில் வந்த ஒரு பிடி நெல்லைப் பார்த்து லாரிச் சரக்கு முழுவதையும் நாம் விலை பேசுவதில்லை. அதுபோல, ஒருவருக்குக் குணமானது சாட்சியாகாது. பலரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்கு மூலிகைச் சத்து. மற்றதற்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது முடியும்வரை நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

சீன நாட்டு மரமான கிங்கோவின் இலைச் சத்து மறதி நோய் வராமல் தடுக்குமா என்று அமெரிக்காவில் இப்படித்தான் பார்த்தார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர் சேர்ந்தனர். தினம் இருவேளை, வேளைக்கு 120 மில்லிகிராம். சராசரியாக 6 ஆண்டுகள் கவனித்து 2008-ல் முடிவை வெளியிட்டனர். கிங்கோ உண்ட 1,545 பேரில் 277 பேருக்கும், வெறும் மாத்திரை உண்ட 1,524 பேரில் 246 பேருக்கும் நோய் வந்தது. உலகெங்கும் விற்ற சரக்கு தேறவில்லை.

செடி என்பதால் தள்ளிவிடுவதும் இல்லை. ஸ்னோடிராப் என்னும் பூச்செடியில் கண்டறிந்த கேலண்டமைன், சோதனையில் தேறி 2001-ல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. அதுவும் அல்சைமர் நோயின் தொல்லையைச் சிறிது காலம் மட்டுப்படுத்துமே தவிர, குணப்படுத்தாது.

நம் நீர்பிரமியை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் ஆராய்ந்தது. சிறு சோதனைகள் சிலவற்றில் நினைவாற்றல் ஓரளவு கூடியது. ஆனால் அவை பெரும்பாலும் நோயில்லாதவர்களிடம் நடந்தவை. கிங்கோவுக்கு நடந்த அளவில் பெரிய சோதனை வல்லாரைக்கோ நீர்பிரமிக்கோ நடக்கவில்லை. போதாக்குறைக்கு, வடக்கே இரண்டையுமே "பிரம்மி" என்று விற்கிறார்கள். வெளியூர்ச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும்போது எந்தச் செடி என்று எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மூளை நோய்களைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மத்திய சட்டம் தடுக்கிறது. துண்டுப் பிரசுரமும், பாக்கெட் மேல் ஒட்டும் லேபிளும், வாயால் அறிவிப்பதும்கூட அச்சட்டப்படி விளம்பரமே.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. தைராய்டு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும் ஞாபகம் தப்பும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியும், சிகிச்சையும் உண்டு. நாம் சொன்ன வார்த்தையை நம்பி ஆறு மாதம் பொடியைக் கொடுத்துக் காத்திருந்தால், அந்தப் பெரியவருக்குத்தான் நஷ்டம்.

ஆகவே வாடிக்கையாளரிடம், "கீரையாகச் சமைத்துக் கொடுங்கள், துவையல் அரையுங்கள், நோய்க்கு முதலில் அப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். இந்தப் பொடி கொடுப்பதையும் அவரிடம் சொல்லுங்கள்" என்று கூறுவோம். ஒரு பாக்கெட் விற்பனை போகலாம், வாடிக்கையாளர் போகமாட்டார்.