வெப்சைட் செய்த கைக்கும் கூலி உண்டு!

முறுக்கு சுற்றி விற்கிற பெண்ணிடம், "மாவுக்கு மட்டும் காசு தருகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை. வெப்சைட் செய்கிற பெண்ணிடம் மட்டும், "உட்கார்ந்து தட்டினதுக்கு இவ்வளவா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கல்லூரி முடித்து, கைக்குழந்தையோடு வீட்டிலிருக்கும் எத்தனையோ பெண்களுக்கு இன்று இந்த வேலை தெரிகிறது. விலை சொல்லத்தான் நா எழவில்லை.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் நாத்தனார் மகள், குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து, பலகாரக் கடைகள் ஆர்டர் எடுப்பதற்கென்று ஒரு வெப்சைட் செய்தாள். பெயரையும் படங்களையும் மாற்றினால் எந்தக் கடைக்கும் பொருந்தும். "எவ்வளவு கேக்கதுன்னு தெரியலியே அத்தே!" என்று என்னிடம் வந்தாள். நான் படித்தது பிளஸ் டூ வரைதான். ஆனால் அடக்க விலை பார்க்கத் தெரியாத குடும்பப் பெண் உண்டா? இரண்டு பேரும் உட்கார்ந்து போட்ட கணக்கைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

முதலில் அடக்க விலை

நம் பத்தமடைப் பாயைப் பாருங்கள். முரட்டுப் பாயும் கோரைதான், பட்டுப் பாயும் கோரைதான். கோரையை மெல்லிசாகக் கிழித்து, நாள்கணக்கில் நெய்கிற உழைப்புக்குத்தான் பட்டுப் பாய்க்கு அந்த விலை. வெப்சைட்டும் அப்படியே. பொருள் செலவு கொஞ்சம்; கை வேலைதான் அதிகம்.

தினம் 2 மணி நேரமாக 40 நாள் என்றால் 80 மணி நேரம். மணிக்கு 150 ரூபாய் கூலி வைத்தால் 12,000. கரண்டு, இன்டர்நெட் வகையில் 1,000. ஆக 13,000 ரூபாய். பத்துக் கடை வாங்கும் என்று ஆசைக் கணக்குப் போடாமல், நாலு கடை என்று வைத்தோம். கடைக்கு 3,250. ஒவ்வொரு கடைக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுக்க 10 மணி நேரம் ஆகும், அதற்கு 1,500. லாபம் 1,250. ஆக மொத்தம் 6,000 ரூபாய். உங்கள் ஊருக்கும் வேலைக்கும் தக்கபடி தொகையை மாற்றிக் கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை இதுதான்.

விற்பதா, வாடகைக்கு விடுவதா?

தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-ல் அலுவலகம் திறந்த ஜோஹோ நிறுவனத்தை நமக்குத் தெரியும். வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க மற்ற கம்பெனிகளுக்கு உதவும் 'ஜோஹோ டெஸ்க்' அங்கே உருவானதுதான். அவர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேரை ஒரேயடியாக விற்பதில்லை. மாதச் சந்தா, வருடச் சந்தா வாங்குகிறார்கள். 2017-ல் முப்பதுக்கும் மேற்பட்ட சாஃப்ட்வேர்களை 'ஜோஹோ ஒன்' என்று ஒரே கட்டாகக் கட்டி, எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்து எடுத்தால் தலைக்கு மாதம் 30 டாலர் என்று விலை வைத்தார்கள்.

நாமும் கடைக்கு மாதம் 500 ரூபாய் என்று வாடகைக்கு விடலாம். மாதம் ஒரு மணி நேரப் பராமரிப்புக் கூலி போனால் 350 நிற்கும். நாலு கடை இருந்தால் போட்ட உழைப்பு திரும்ப 14 மாதம் ஆகும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் வருமானம். கையில் உடனே பணம் வேண்டுமென்றால் விற்பது நல்லது. பொறுக்க முடிந்தால் வாடகை நல்லது.

மூன்று விதக் கட்டு

ஓட்டலில் மினி மீல்ஸ், ஃபுல் மீல்ஸ் என்று பலகை வைக்கிறார்கள் அல்லவா? அதுபோல எழுதி வையுங்கள்.

1. சாதா: கடை விவரம், படங்கள், போன் நம்பர்.

2. நடுத்தரம்: அதோடு ஆர்டர் எடுக்கும் வசதி.

3. முழுசு: அதோடு தமிழ், ஆங்கிலம் இரண்டும், ஒரு வருடப் பராமரிப்பும்.

எத்தனை படம், எத்தனை தடவை இலவசத் திருத்தம் என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரிகூட, "அந்தப் படத்த மாத்தும்மா" என்று போன் வரும்!

கைமாறும் முன்

வெப்சைட்டின் பெயருக்கும், அது இருக்கும் இடத்துக்கும் வருடா வருடம் கட்டணம் உண்டு. முதல் வருடம் சலுகையில் மலிவாக இருந்து, அடுத்த வருடம் ஏறுவதும் உண்டு. இந்த இரண்டையும் கடைக்காரர் பெயரிலேயே, அவர் செலவிலேயே வாங்கச் சொல்லுங்கள்.

முன்பணம் பாதி வாங்கிக் கொண்டு, மீதி வந்ததும் பாஸ்வேர்டுகளை ஒப்படைக்கலாம். ஒரு பக்கத்தில் தமிழில் செய்முறைக் குறிப்பும் எழுதிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சம்பளத்துக்கு இல்லாமல் சொந்தமாகச் செய்தது செய்தவருக்கே சொந்தம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். காலம் எழுதாவிட்டால் 5 வருடம் என்றே கொள்ளப்படும். ஆகவே, "இந்தக் கடை உபயோகத்துக்கு மட்டும், மற்ற கடைகளுக்கு விற்கும் உரிமை என்னுடையது" என்று ஒரு வரி அவசியம்.

ஜி.எஸ்.டி.யை நினைத்துப் பயப்பட வேண்டாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு தேவை.

கடைசியாக, பேரம். நாத்தனார் மகளிடம் ஒரு கடைக்கார அண்ணாச்சி, "நம்ம பிள்ளைதானே, பாதியாக் குறைச்சுக்கோ" என்றார். அவள் முகம் கோணாமல், "குறைச்சுக்கலாம் அண்ணாச்சி, அப்போ சாதா கட்டு எடுத்துக்கோங்க" என்றாள். அதுதான் சரி. விலை குறைய வேண்டுமானால் வேலையும் குறையட்டும். கூலி குறையக் கூடாது. குழந்தை தூங்குகிற நேரத்தில், தன் தூக்கத்தை விட்டுச் செய்த வேலைக்கு நாமே விலை வைக்காவிட்டால், வேறு யார் வைப்பார்கள்?