பெட்டிக்குள் ஓர் உலகம் – 11
ஒரே வரியில் வேறு பைதான்

2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் பைகான் மாநாடு நடந்தது. அங்கே டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் மேடையேறி ஐந்து நிமிடம் பேசினார். செயலிகளைக் கன்டெய்னர் என்ற பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டாக்கரை வெளியுலகம் பார்த்தது அப்போதுதான். பைகான் பைதான்காரர்கள் கூடும் இடம். அந்தக் கன்டெய்னருக்குள் இன்று ஓடிக்கொண்டிருப்பது எந்தப் பைதான்?

3.10, 3.12 என்று எண் சொல்லிவிடாதீர்கள். நான் கேட்பது இன்டர்ப்ரெட்டரை. நாம் பழகியது சி மொழியில் எழுதப்பட்ட சிபைதான். அதே மொழியை இயக்க வேறு இன்டர்ப்ரெட்டர்களும் உண்டு. அவற்றில் உறுதியானது பைபை. ஆர்மின் ரிகோவும் நண்பர்களும் இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை அது. பைதான் இன்டர்ப்ரெட்டரைப் பைதானிலேயே, சரியாகச் சொன்னால் ஆர்பைதான் என்ற அதன் கட்டுப்பாடான வடிவத்தில், எழுதியிருக்கிறார்கள். மூலநிரலிலிருந்து அதைக் கட்டியெழுப்ப ஜிபி கணக்கில் நினைவகமும் நிறையப் பொறுமையும் வேண்டும். காத்திருப்பவருக்குப் பொழுது போகட்டும் என்று திரையில் மாண்டல்பிராட் கோலம் ஒன்றை எழுத்தெழுத்தாக வரைந்து காட்டுவார்கள், குசும்புக்காரர்கள்.

கன்டெய்னரில் அந்தச் சிரமம் இல்லை. டாக்கர் ஹப்பில் பைபைக்கு அதிகாரபூர்வ இமேஜ் இருக்கிறது. டாக்கர்ஃபைலின் முதல் வரியில் பைதான் 3.10 என்று இருப்பதைப் பைபை 3.10 என்று மாற்றி, கடைசி வரியில் பைதான் என்ற கட்டளைக்குப் பதில் பைபை3 என்று எழுதினால், பல செயலிகள் அப்படியே எழுந்து ஓடும். பிடிக்கவில்லையா, பழைய வரியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சர்வரில் வேறெதையும் தொட வேண்டியதில்லை.

ஆனால் ஓடுவது வேறு, வேகமாக ஓடுவது வேறு. பைபையின் வேகம் ஜிட் என்ற உடனடித் தொகுப்பியிலிருந்து வருகிறது. நிரலில் எந்த லூப் அடிக்கடி சுழல்கிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். இயல்பான அமைப்பில் அந்த எல்லை 1039 சுழற்சி. அதைத் தாண்டிய லூப்பைத்தான் எந்திர மொழிக்கு மாற்றும். அதுவரை சிபைதானை விடவும் மெதுவாகவே நடக்கும். கல் காயும் முன் ஊற்றிய தோசை மாதிரிதான் ஆரம்ப வேலைகள்.

சிக்கல் இங்கேதான். கன்டெய்னர் உலகத்தின் பழக்கமே கல்லை அடிக்கடி அணைப்பது. கூட்டம் வந்தால் நான்கு புதிய கன்டெய்னர், கூட்டம் குறைந்தால் இரண்டைக் கொல், புதிய பதிப்பு வந்தால் எல்லாவற்றையும் மாற்று என்றுதான் கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸ் வேலை செய்கிறது. ஜிட் உருவாக்கிய எந்திர மொழியை வட்டில் சேமித்து அடுத்த கன்டெய்னருக்குக் கொடுக்க முடியுமா என்றால், முடியாது. அதற்குள் இருப்பதெல்லாம் அந்த ஓட்டத்தின் நினைவக முகவரிகள். அடுத்த ஓட்டத்தில் அவற்றுக்குப் பொருளில்லை. ஒரே கன்டெய்னருக்குள் நான்கு வொர்க்கர்கள் இருந்தால் நான்கும் தனித்தனியே சூடாக வேண்டும். போதாக்குறைக்கு சிபியு வரம்பை இறுக்கி வைத்திருந்தால், தொகுக்கும் வேலையும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையும் அதே சிறு பங்குக்கு அடித்துக்கொள்ளும்.

அடுத்தது நினைவகம். சிபைதான் ஒரு பொருளைச் சுட்டுவோர் யாருமில்லை என்றானதும் பெரும்பாலும் அப்போதே விடுவித்துவிடும். பைபை குப்பையைச் சேர்த்துவைத்துத்தான் அள்ளும். சென்ற முறை அள்ளி முடித்தபோது இருந்த அளவைப் போல 1.82 மடங்கு ஆனதும் அடுத்த பெரிய துப்புரவு. அதாவது 300 எம்பி உண்மையில் தேவைப்படும் செயலி 546 எம்பி வரை ஏறலாம். கன்டெய்னருக்கு 512 எம்பி என்று வரம்பு வைத்திருந்தால் கர்னல் அதைக் கொன்றுவிடும். 137 என்ற வெளியேறு குறியீட்டு எண் மட்டும் மிஞ்சும். பைபைக்கென்றே நினைவக உச்சத்தைச் சொல்லும் சூழல் மாறி ஒன்று உண்டு. அதைக் கன்டெய்னர் வரம்புக்குச் சற்றுக் கீழே வைத்தால், வரம்பை நெருங்கும்போது அடிக்கடி துப்புரவு செய்துகொள்ளும். குப்பையை உடனே அள்ளாத இதே காரணத்தால், திறந்த கோப்பை மூடாமல் விடும் சோம்பேறி நிரல்களும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

லைப்ரரிகளைப் பொறுத்தவரை, தூய பைதானில் எழுதியவை பெரும்பாலும் சிக்கலின்றி வேலை செய்யும். சி நீட்சிகளில் உட்கார்ந்திருப்பவைதான் தலைவலி. பலவற்றுக்குப் பைபைக்கான ஆயத்தப் பொதி கிடைக்காது. மெலிந்த ஸ்லிம் இமேஜில் சி கம்பைலரும் இருக்காது, நிறுவும்போதே நின்றுவிடும். இரண்டு கட்டமாக இமேஜ் கட்டுவது வழி. நிறுவிய பின்னும், சிபைதானைப் போல நடிக்கும் ஓர் இடைத்தட்டு வழியாகவே ஒவ்வோர் அழைப்பும் போவதால் வேகம் அங்கே கரையும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேச சைக்காப்ஜி2 வைத்திருப்பவர்கள் அந்த இடைத்தட்டு தேவைப்படாத அதன் சிஎஃப்எஃப்ஐ வடிவத்துக்கு மாறுவது இதனால்தான். நேரமெல்லாம் நம்பை கணக்கிலோ தரவுத்தளத்துக்குக் காத்திருப்பதிலோ போகிறது என்றால், பைபையிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

சிபைதானும் சும்மா இருக்கவில்லை. 2022 அக்டோபரில் வந்த 3.11 முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகம். 2024இல் வந்த 3.13 சோதனை அளவில் தனக்கென்றே ஒரு ஜிட் சேர்த்தது. ஆனாலும் பைபைக்காரர்கள் தங்கள் அளவுச் சோதனைகளில் 3.11ஐ விடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம் காட்டுகிறார்கள்.

என் தீர்ப்பு: மணிக்கணக்கில் ஓடி, தூய பைதானில் கணக்குப் போடும் வொர்க்கருக்குப் பைபை நல்ல தேர்வு. இணையச் செயலிக்கு, சூடேறிய பிறகே போக்குவரத்தை அனுப்ப ஏற்பாடு இருந்தால் மட்டும். ஒரு வேலையை முடித்ததும் சாகும் குறுங்கன்டெய்னருக்கு வேண்டவே வேண்டாம். டாக்கர்ஃபைலில் கை வைக்கும் முன், உங்கள் கன்டெய்னர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கின்றன என்று பதிவேட்டில் பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)