எலும்பின் வேகம்

உருளைப்புழு ஒன்றின் வளர்ச்சியை ஆராயப் புகுந்த விக்டர் ஆம்ப்ராஸும் காரி ரவ்கனும், புரதம் எதையும் உண்டாக்காத, இருபத்திரண்டே எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கைக் கண்டெடுத்து 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரலாற்றையும், அதற்காக 2024-இல் நோபெல் பரிசு அவர்களைத் தேடி வந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் பெற்ற இத்தகைய துணுக்குகள், உயிரணுவின் உட்கருவிலிருந்து புறப்பட்டு வரும் செய்தி ஆர்.என்.ஏ.யின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு, அந்தச் செய்தி புரதமாக உருவெடுக்காதபடி அடக்கிவைக்கின்றன என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் புழுவை விட்டு மனிதனிடம் வருவோம். அதிலும், வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் மணிக்கணக்காகப் படுத்திருந்து எழுந்து போகிற, குளியலறையில் லேசாக வழுக்கினாலே இடுப்பெலும்பு முறிந்துவிடக்கூடிய சிறுநீரக நோயாளியிடம் வருவோம்.

சிறுநீரகம் கெட்டால் எலும்பு ஏன் முறிய வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். உணவில் மிகுதியாக வரும் பாஸ்பரஸை வெளியேற்றுவதும், வைட்டமின் டி-யைச் சரீரத்துக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றித் தருவதும் சிறுநீரகத்தின் காரியங்கள். அவை இரண்டும் தவறும்போது ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுகிறது, கால்சியம் இறங்குகிறது. அந்த இறக்கத்தைப் பொறுக்காமல், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பு அளவே உள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் தங்கள் ஹார்மோனைக் கொட்டத் தொடங்கி, எலும்பைக் கரைத்தாவது கால்சியத்தை மீட்கப் பார்க்கின்றன. எலும்பு என்பது உடலின் கால்சியக் களஞ்சியம். பற்றாக்குறை வந்தால் முதலில் அங்கேதான் கை வைக்கப்படும்.

ஆனால் கதை அவ்வளவு நேரானதாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. எலும்பைச் சுண்ணாம்புத் தூண்போல உயிரற்ற பொருளாக நினைப்பது தவறு. பழைய வீட்டில் இற்றுப்போன சுவரை ஓர் ஆள் இடித்துக்கொண்டே போக, அவன் பின்னாலேயே கொத்தனார் புதிதாகக் கட்டிக்கொண்டு வருவதைப்போல, எலும்பிலும் கரைக்கிற உயிரணுக்களும் கட்டுகிற உயிரணுக்களும் ஆயுள் முழுவதும் ஓயாமல் வேலை செய்கின்றன. பாராதைராய்டு ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிய சில நோயாளிகளிடம் இந்த வேலை வெறிபிடித்ததுபோல் நடக்கிறது. அவசரத்தில் எழுப்பிய சுவர் உறுதியாயிராது, எலும்பு முறிகிறது. வேறு சிலரிடமோ இடிக்கிறவனும் இல்லை, கட்டுகிறவனும் இல்லை. நாள்தோறும் நடமாட்டத்தில் உண்டாகும் நுண்ணிய விரிசல்களைச் செப்பனிட ஆளில்லாமல் அவை சேர்ந்து சேர்ந்து பெருகி, அப்போதும் எலும்பு முறிகிறது. போதாக்குறைக்கு, உறங்கிப்போன எலும்பு கால்சியத்தை ஏற்காததால் அது ரத்தக்குழாய்களின் சுவரில் போய்ப் படிகிறது. முறிவு ஒன்றே, காரணம் நேர் எதிரானது, ஆகவே வைத்தியமும் நேர் எதிரானது. வேகத்தைத் தணிக்கும் மருந்தை, ஏற்கெனவே நின்றுபோன எலும்புக்குக் கொடுத்தால் தீங்கல்லவா விளையும்?

அப்படியானால் எந்த நோயாளியின் எலும்பு எந்த வேகத்தில் இருக்கிறது என்று அறிவது எப்படி? வைத்தியர்கள் சாதாரணமாகப் பார்ப்பது ரத்தத்தில் உள்ள பாராதைராய்டு ஹார்மோனின் அளவையும், எலும்பிலிருந்து வரும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவையுந்தான். இவற்றை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை; மலிவானவை, எங்கும் கிடைப்பவை, பல உயிர்களுக்கு வழிகாட்டியவை. எனினும் அந்த ஹார்மோன் ரத்தத்தில் முழுமையாக உயிர்வாழ்வது சில நிமிஷங்களே. உடைந்த துண்டுகளை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமே செயலற்றிருப்பதால் அவை தேங்கி நிற்க, பரிசோதனை அவற்றில் சிலவற்றையும் முழு ஹார்மோனாகவே எண்ணிவிடுகிறது. அன்றியும், நோய் முற்றிய உடலில் எலும்பு அந்த ஹார்மோனின் சொல்லுக்குச் செவிசாய்க்காமல் மரத்துப்போகிறது. டயாலிஸிஸில் இருப்பவருக்கு அதன் அளவு, ஆரோக்கியமானவருக்குரிய மேலெல்லையைப்போல் இரண்டு மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை இருக்கலாம் என்று சர்வதேச வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. இரண்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே எவ்வளவு தூரம்!

சந்தேகமற அறிய ஒரு வழி உண்டு. அது எலும்பையே கேட்பது. டெட்ராசைக்ளின் என்ற பழைய மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் பற்களில் மஞ்சள் கறை ஏறும் என்பதைப் பலரும் அறிவார்கள். அம்மருந்து புதிதாகப் படிந்துகொண்டிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடும் குணமுள்ளது. இந்தக் குணத்தையே அளவுகோலாக்கி எலும்பின் வேகத்தைக் கணக்கிடும் முறையை 1960-களில் வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஹரால்டு ஃப்ராஸ்ட். நோயாளிக்குச் சில நாட்கள் மாத்திரை கொடுத்து நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு நாட்கள் இடைவெளி விட்டு, மறுபடியும் சில நாட்கள் கொடுக்கிறார்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல்விளிம்பில், மரத்தில் துளை போடுவதைப்போல ஒரு குழல் ஊசியைத் திருகிச் செலுத்தி, பென்சில் தடிமனில் ஒரு துண்டை எடுக்கிறார்கள். கால்சியத்தை நீக்காமல் அதைப் பிசினில் பதித்து, மெல்லிய தகடுகளாகச் சீவி, புற ஊதா ஒளியில் உருப்பெருக்கியின் வழியே நோக்கினால், இருண்ட பின்னணியில் இரண்டு மஞ்சள் கோடுகள் பக்கம் பக்கமாக ஒளிர்வது தெரியும். முதல் கோடு முதல் தவணை மாத்திரை. அடுத்த கோடு இரண்டாம் தவணை. இரண்டுக்கும் இடைப்பட்ட எலும்பு, அந்தப் பத்துச் சொச்ச நாட்களில் அந்த மனிதரின் உடல் கட்டி முடித்தது; ஆரோக்கியமான எலும்பில் அதன் அகலம் ஒரு ரத்தச் சிவப்பணுவின் அகலத்தை ஒத்திருக்கும். எலும்பு உறங்கிப்போனவரிடம் ஒற்றைக் கோடு மங்கலாகத் தெரியலாம். அதுவும் தெரியாமல் வெறும் இருளாகவே இருப்பதும் உண்டு.

இவ்வளவு தெளிவான சாட்சியத்தை எல்லா நோயாளிகளிடமும் பெற முடியுமானால் வேறொன்றும் தேவையில்லை. ஆனால் வலியுள்ள இக்காரியத்தை ஒருவரிடம் அடிக்கடி செய்ய இயலாது. துண்டை எடுக்கத் தேர்ந்த கைகளும், அதைப் படிக்கத் தேர்ந்த கண்களும் உலகில் மிகச் சிலவே.

இங்கேதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. பிரவேசிக்கிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் நிக்கலஸ், இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் மோ ஆகியோரின் குழு, சிறுநீரக நோயாளிகள் 23 பேரிடம், மேற்சொன்ன மஞ்சள் கோட்டு முறைப்படி எலும்புத் துண்டை எடுத்ததோடு ரத்தத்தையும் எடுத்து, அதில் நான்கு துணுக்குகளை அளந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டது. மூன்று துணுக்குகள் (30பி, 30சி, 125பி) கட்டுகிற உயிரணுக்களின் வளர்ச்சியோடும், நான்காவது (155) கரைக்கிற உயிரணுக்களின் வளர்ச்சியோடும் சம்பந்தப்பட்டவை. உறங்கும் எலும்பை உறங்காத எலும்பிலிருந்து பிரித்தறியும் திறனை ஓர் அளவையில் வைத்துப் பார்த்தார்கள். அந்த அளவையில் 1 என்றால் பிழையே இல்லை, 0.5 என்றால் பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம். பாராதைராய்டு ஹார்மோன் பெற்றது 0.509. நான்கு துணுக்குகளும் சேர்ந்து பெற்றது 0.929. சிறுநீரக நோயுள்ள எலிகளின் எலும்பிலேயே தேடியபோது, அந்த நான்கு துணுக்குகளும் மனித ரத்தத்தில் கண்டதற்கு இசைவாகவே நடந்துகொண்டன.

நாம் பல்லாண்டுகளாக நம்பிக் கைக்கொண்ட பரிசோதனை இந்த ஒரு கேள்விக்கு நாணயம் சுண்டுவதைக் காட்டிலும் மேலாக இல்லை என்பதைப் படித்தபோது எனக்கு உண்டானது மகிழ்ச்சியன்று, கலக்கமே. அந்த எண்ணை நம்பி மருந்து கூட்டப்பட்டவர்கள் எத்தனை பேர், குறைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்!

ஆர்.என்.ஏ. மிக எளிதில் சிதையும் பொருளாயிற்றே, அது ரத்தத்தில் எப்படித் தங்கும் என்ற ஐயம் எழலாம். அந்த ஐயம் விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. 2008-இல் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்கள், ரத்தத் தெளிவை ஒரு நாள் முழுதும் அறையின் வெப்பத்திலேயே வைத்தார்கள். எட்டு முறை உறையவைத்து உருக்கியும் பார்த்தார்கள். உள்ளிருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஆனால் செயற்கையாகச் செய்த அதே வகைத் துணுக்கை வெறுமனே ரத்தத் தெளிவில் விட்டபோது அது விரைவில் அழிந்தது. உடல் அனுப்பும் துணுக்குகள் புரதத்தின் பிடியிலோ, கொழுப்புச் சவ்வாலான நுண்பைகளிலோ பத்திரமாகப் பயணம் செய்கின்றன என்பதே இதன் பொருள்.

இருந்தும், இந்தப் பரிசோதனையை நாளைக்கே மருத்துவமனைகளில் தொடங்கிவிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 23 பேர் என்பது சிறு கூட்டம். சிறு கூட்டத்தில் பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் பெருங்கூட்டத்தில் மங்கிப்போனதை மருத்துவ ஆராய்ச்சி பலமுறை கண்டிருக்கிறது. இத்துணுக்குகள் எலும்புக்கு மட்டுமே உரியவையும் அல்ல: 155 நோய் எதிர்ப்பு அணுக்களில் மிகுதி, 30 என்ற குடும்பம் சிறுநீரகத்திலேயே நிறைந்திருப்பது. சிறுநீரகம் நலியும்போது ரத்தத்தில் உலவும் துணுக்குகளின் அளவே பொதுவாகக் குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கண்ட மாறுதல் எலும்பால் நேர்ந்ததா, சிறுநீரகத்தால் நேர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

ரத்தம் எடுக்கும் மேஜையிலேயே வேறு தொல்லைகள் காத்திருக்கின்றன. ஊசியை அவசரமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து, மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிறத் திரவத்தில் இளஞ்சிவப்புச் சாயல் படரும். அந்தச் சாயலோடு சிவப்பணுவின் சொந்தத் துணுக்குகளும் வந்து கலந்து கணக்கைக் குலைத்துவிடும். டயாலிஸிஸ் நோயாளியிடம் இன்னுமொரு சங்கடம் உண்டு. இயந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின், துணுக்குகளைப் பெருக்கி எண்ணுகிற நொதியையே முடக்கக்கூடியது. ஆதலால் அந்தச் சிறு குழாய் ரத்தத்தை, ஹெபாரின் உள்ளே செல்வதற்கு முன்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)